ஏவுமுன் படித்தல்

ஒரு வேலையை ஒருமுறை செய்வது வேறு. அதனையே ஆயிரம் முறை செய்வது வேறு. ஒருமுறை செய்வதற்குக் கையின் பழக்கம் போதும். ஆயிரம் முறை செய்வதற்கோ ஒரு முறைமை வேண்டும். அம்முறைமையை வகுக்கும் அறிவு வேண்டும். வகுத்ததை ஏவுமுன் மீண்டும் ஒருகால் நோக்கும் பொறுமையும் வேண்டும். யூனிக்ஸ் என்னும் கணிப்பொறி இயக்கமுறையில் ‘ஷெல்’ எனப்படும் கட்டளைப் பகுதியை ஆள்வோர்க்கு இம்மூன்றும் இன்றியமையாதன. இவற்றுள் மூன்றாவதாகிய பொறுமையே நம்மிடையே குறைந்து வருகின்றது என்பது நமது கருத்து. அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

இப்பொருளை இவ்வாண்டு மலரில் எழுத நேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. முதலாண்டு மாணவர்க்கு வாரந்தோறும் நடைபெற்று வரும் இரண்டு மணி நேர ஷெல் பயிற்சியை நிறுத்திவிட்டு, அந்நேரத்தைப் புதிய பாடங்களுக்கு வழங்கலாம் என்னும் யோசனை நங்கலாசாலையில் எழுந்துள்ளது. கேட்ட மாத்திரத்தில் கட்டளைகளை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட இந்நாளில், கட்டளை எழுதக் கற்பது எற்றுக்கு என்பது அவ்யோசனையை ஆதரிப்போர் வினா. வினா நியாயமானதே. ஆதலின் அதற்கு நேரான விடை கூறுதல் நமது கடமையாகும்.

முதற்கண் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவாம். கணிப்பொறியின் தொடக்க காலத்தில், செய்யவேண்டிய வேலைகளைத் துளையிட்ட அட்டைகளிற் பதித்து, கட்டாகக் கட்டி, பொறியை இயக்குவோரிடம் ஒப்படைத்துவிட்டு, விளைவுக்காக மணிக்கணக்கிற் காத்திருப்பர். அட்டையில் ஒரு பிழை நேர்ந்தால் அன்றைய பொழுது வீணாகும். ஆதலின் அட்டைக்கட்டைக் கொடுக்குமுன் அதனைப் பலமுறை படித்துப் பார்ப்பது அக்காலத்தோர் வழக்கமாயிருந்தது. பின்னர் 1969-ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூஜெர்சி மாகாணத்திலே, மரே ஹில் என்னுமிடத்துப் பெல் ஆராய்ச்சிச்சாலையில், கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸை ஆக்கத் தொடங்கினர். 1973-இல், டக் மக்கில்ராய் என்பாரின் நெடுநாள் வேண்டுகோளுக்கிணங்க, ஒரு கட்டளையின் விளைவை மற்றொன்றின் உள்ளே செலுத்தும் ‘குழாய்’ என்னும் ஏற்பாடு அதிற் சேர்க்கப்பட்டது. ஸ்டீபன் போர்ன் இயற்றிய ஷெல் 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் வழிவந்ததும், பிரயன் ஃபாக்ஸ் 1989-இல் வெளியிட்டதுமாகிய ‘பாஷ்’ என்னும் ஷெல்லே இன்று நம் பயிற்சிக்கூடத்து லினக்ஸ் பொறிகளில் இயங்குகின்றது.

குழாயின் சிறப்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 1986-இல் ஜான் பென்ட்லி என்பார் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் ஒரு கணக்கை விடுத்தார். ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களை, அவை வரும் எண்ணிக்கையோடு, இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பதே அக்கணக்கு. பேரறிஞர் டொனால்ட் நூத் அதற்குப் பல பக்கங்கள் கொண்ட அழகிய நிரல் ஒன்றை இயற்றினார். அதனை மதிப்பிட அமைந்த மக்கில்ராய், நிரலைப் பாராட்டிவிட்டு, ஆறே கட்டளைகளைக் குழாயால் இணைத்து அதே பயனைக் காட்டினார். முதற்கட்டளை, நூலை வரிக்கு ஒரு சொல்லாக உடைக்கும். இரண்டாவது, பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கும். மூன்றாவது, சொற்களை அகரவரிசைப்படுத்தும். நான்காவது, ஒத்தவற்றை எண்ணும். ஐந்தாவது, எண்ணின்படி வரிசைப்படுத்தும். ஆறாவது, வேண்டிய அளவோடு நிறுத்தும்.

இதிற் சுருக்கம் மட்டுமன்றி வேறொரு நன்மையும் உண்டு. முதற்கட்டளையை மட்டும் ஏவி, அதன் விளைவைக் கண்ணாற் கண்டு, பின்னரே இரண்டாவதைச் சேர்க்கலாம். இவ்வாறு படிப்படியாகக் கட்டுவதும், ஒவ்வொரு படியிலும் நின்று பார்ப்பதுமே ஷெல்லின் உண்மையான முறை. அவ்வாறு பாராமல், அவ்வாறு கட்டளைகளையும் ஒரு தமிழ் நூலின்மீது அப்படியே ஏவினால் என்ன ஆகும்? முதற்கட்டளை ஆங்கில எழுத்துக்களை மட்டுமே எழுத்தென்று அறியும். ஏனையவற்றை வரிமுறிவாக மாற்றிவிடும். ஆகவே தமிழ்ச்சொல் ஒன்றேனும் மிஞ்சாது. முதற்படியில் நின்று பார்த்தவன் இதனை அப்போதே அறிவான். பாராதவன் இறுதியில் சொல் ஒன்றும் இல்லாத விளைவைக் கண்டு திகைப்பான்.

இனி, நமது அனுபவத்துக்கு வருவோம். நூல்நிலையத்திலுள்ள பழைய ஆண்டு மலர்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துப் பாதுகாக்கும் பணியைச் சென்ற ஆண்டு நாம் மேற்கொண்டோம். பக்கங்கள் ஏறக்குறைய 7,200. ஒவ்வொன்றும் ‘டிஃப்’ என்னும் பெரிய வடிவில் இருந்தது. படிப்போர்க்கு வழங்கும்பொருட்டு ‘ஜேபெக்’ என்னும் சிறிய வடிவில் ஒரு பிரதி வேண்டியிருந்தது. அன்பர் சிலர் ஒவ்வொரு படமாகத் திறந்து, சுட்டியால் அழுத்தி, மாற்றி, பெயரிட்டு வைக்கத் தொடங்கினர். படம் ஒன்றுக்கு 40 விநாடி என்று கொண்டால் மொத்தம் 80 மணி நேரமாகும். நாள்தோறும் இரண்டு மணி உழைத்தாலும் 40 நாட்கள் செல்லும். களைத்த கை செய்யும் பிழைகள் வேறு.

இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் அதனை ஒரு சுழற்கட்டளையாக எழுதினார். ‘இவ்வுறையிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் இம்மாற்றத்தைச் செய்க’ என்பதே அதன் பொருள். பொறிக்குப் படம் ஒன்றுக்கு மூன்று விநாடி பிடித்தது. அதன்படி மொத்தம் ஆறு மணி நேரம். எங்கள் பொறியில் நான்கு செயலிகள் இருந்தும், சுழல் ஒரு நேரத்தில் ஒரு படத்தையே எடுத்துக்கொண்டமையால், மூன்று செயலிகள் வாளாவிருந்தன. ‘எக்ஸார்க்ஸ்’ என்னும் கட்டளைக்குப் பெரிய ‘பி’ என்னும் குறியையும் நான்கு என்னும் எண்ணையும் கொடுத்து, ஒருமுறைக்கு ஒரு படமாக ஏவியவுடன் நான்கும் உழைக்கலாயின. வேலை ஒன்றரை மணியில் முடிந்தது. ஆயினும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் விரைவும் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணற்க. செயலிகள் நான்கே, தட்டும் ஒன்றே. வேலையிற் பகிர முடியாத பகுதி பத்தில் ஒரு பங்காயின், எத்தனை செயலிகளைக் கூட்டினும் விரைவு பத்து மடங்கைத் தாண்டாது என்பது, 1967-இல் ஜீன் ஆம்டால் எடுத்துக்காட்டிய நியாயத்தால் விளங்கும்.

எக்ஸார்க்ஸ் என்னும் கட்டளையின் முதற்பயன் வேறு. அதனையும் மாணவர் அறிதல் நலம். ஒரு கட்டளையோடு உடுக்குறியை இட்டால், அதனைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது ஷெல்லேயன்றிக் கட்டளையன்று. விரிந்த பெயர்கள் அனைத்தும் ஒருங்கே கட்டளையிடம் ஒப்படைக்கப்படும். அவ்வாறு ஒப்படைப்பதற்கு ஒரு வரம்புண்டு. 2007-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட லினக்ஸில் அது 1,31,072 பைட்டுகள்; அதற்குப் பின்வந்தவற்றில், வழக்கமான அமைப்பில், 20,97,152 பைட்டுகள். வரம்பு மீறின், பட்டியல் மிக நீண்டதென்று கூறிப் பொறி மறுத்துவிடும். தமிழிற் பெயரிடுவோர் இவ்வரம்பை விரைவில் எட்டுவர். கென் தாம்ஸனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க்குறி ஒன்றுக்கோ மூன்று. ‘ஆண்டுமலர்’ என்னும் பெயருக்கு, புள்ளியையும் உகரக் குறியையும் சேர்த்து, ஒன்பது குறிகள். ஆகவே 27 பைட்டுகள். உறையின் பெயரும் சேர்ந்து கோப்பு ஒன்றுக்கு 100 பைட்டு ஆகுமாயின், ஏறக்குறைய இருபதினாயிரம் கோப்புகளிலேயே இன்றைய வரம்பும் நிரம்பிவிடும். எக்ஸார்க்ஸ் இப்பெயர்களை வரம்பு மீறாத கூடைகளாகப் பகுத்து, கூடை ஒன்றுக்கு ஒருமுறை கட்டளையை எழுப்பும்.

கட்டளையை ஒருமுறை எழுப்புவதற்கும் காலச்செலவு உண்டு. ‘ஃபைண்ட்’ என்னும் தேடற்கட்டளையின் செயற்குறியை அரைப்புள்ளியால் முடித்தால், கோப்பு ஒன்றுக்கு ஒருமுறை எழுப்பும். கூட்டற்குறியால் முடித்தால், பலவற்றைச் சேர்த்து ஒருமுறை எழுப்பும். சிறு வேலைகளில், அதாவது பெயர் பார்த்தல், நீக்குதல் போன்றவற்றில், இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றும். படம் மாற்றுவது போன்ற நெடிய வேலையில் எழுப்பும் செலவு பொருட்படுத்தத் தக்கதன்று. அங்கே பகிர்ந்து செய்வதே பயன் தரும். காலம் எங்கே செலவாகின்றது என்பதை முதலில் அறிந்து, பின்னர் விரைவைத் தேடுவதே அறிவுடைமை.

நிற்க. விரைவைப் பற்றிக் கூறியது போதும். அவ்விரைவால் நேர்ந்த இடையூற்றை இனி மறையாது கூறுவாம்.

படங்களின் ஓரங்களை வெட்டிச் சீர்செய்யத் தொடங்குமுன், முன்னெச்சரிக்கையாக உறைகளுக்குப் பிரதிகள் எடுத்து வைத்திருந்தோம். ‘ஆண்டுமலர்’ என்னும் உறைக்கு ‘ஆண்டுமலர் பழைய பிரதி’ என்றும், ‘அட்டைகள்’ என்பதற்கு ‘அட்டைகள் பழைய பிரதி’ என்றும் பெயர். மூன்று வார காலம் உழைத்துப் படங்களைச் சீர்செய்து முடித்தபின், இடம் போதாமையால் பழைய பிரதிகளை நீக்க எண்ணினோம். அதற்குரிய கட்டளை செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றனிடம் கேட்டுப் பெறப்பட்டது. ஃபைண்ட் கட்டளை ‘பழைய பிரதி’ என முடியும் உறைகளைத் தேடும். அப்பெயர்களைக் குழாய் வழியாக எக்ஸார்க்ஸ் பெறும். அது நீக்கற்கட்டளையாகிய ‘ஆர்எம்’ என்பதனிடம் அவற்றைக் கொடுக்கும். பார்வைக்குக் குற்றம் ஒன்றுமில்லை. உடனே ஏவினோம்.

எக்ஸார்க்ஸ், தனியே ஒன்றும் சொல்லாவிடின், இடைவெளி கண்ட இடமெல்லாம் பெயர் முடிந்ததாகவே கொள்ளும். ‘ஆண்டுமலர் பழைய பிரதி’ என்னும் ஒரு பெயர் அதற்கு மூன்று பெயர்களாயிற்று: ஆண்டுமலர், பழைய, பிரதி. ‘பழைய’ என்றோ ‘பிரதி’ என்றோ ஒன்றும் இல்லை என்று திரையில் வரிகள் தோன்றின. ‘ஆண்டுமலர்’ என்பதோ இருந்தது. ஆகவே அது நீங்கிற்று. ‘அட்டைகள்’ என்பதற்கும் அக்கதியே. நாம் நீக்க விரும்பிய பழைய பிரதிகள் யாதொரு தீங்குமின்றி நின்றன. சீர்செய்து வைத்தவை அனைத்தும் போயின. ஷெல்லில் நீக்கியது குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை. மீட்கும் வழியும் எளிதன்று.

மூன்று வார உழைப்பு வீணாயிற்று. அவ்வளவோடு போயிற்று என்று மனந்தேறினோம். ஆயினும் அன்றிரவு நம்மை உறங்கவொட்டாமற் செய்தது வேறொன்று. பழைய மலர்களுட் சிலவற்றின் தாள் தொட்டால் உதிரும் நிலையில் உள்ளது. படம்பிடிக்க ஒருமுறை விரித்தபோதே தையல் விட்டது. மறுமுறை விரித்தால் தாங்குமோ என்பது ஐயம். பழைய பிரதிகளும் உடன்போயிருந்தால் அம்மலர்களுட் சில பக்கங்களை நாம் என்றைக்கும் இழந்திருப்போம். அவை பிழைத்தது நமது அறிவினாலன்று, நமது பிழையினாலேயே.

இதற்கு அக்கட்டளையைப் பெற்றுவந்த மாணவரைக் குறைகூறோம். இடைவெளியில்லாத பெயர்களுக்கு அது பொருத்தமான கட்டளையே. நமது பெயர்களில் இடைவெளி உண்டென்பதை அக்கருவிக்கு எவரும் கூறவில்லை. திரையைச் சூழ்ந்து நின்ற நால்வருள் ஒருவரேனும் ஏவுமுன் அதனைப் படித்தோமில்லை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியை அறியாதார் நம்முள் எவருமிலர், எனினும் பதறினோம்.

இனி, செய்யத்தக்கது யாது? ஏவும் கட்டளையை முதலில் எழுத்தாகவே அச்சிட்டுப் படித்தல் வேண்டும். ‘எக்கோ’ என்னும் சொல்லை முன்னிட்டால் கட்டளை இயங்காது. திரையில் எழுத்தாக மட்டும் தோன்றும். எனினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. எக்கோ, பெயர்களை இடைவெளி விட்டு ஒரே வரியில் அச்சிடுமாதலின், மூன்றாக உடைந்த பெயரும் முழுப்பெயர் போலவே தோன்றும்; நமது பிழையை அது காட்டியிராது. ஆதலின் ‘பிரிண்ட்எஃப்’ என்பதனால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனி வரியில், அடைப்புக்குறிக்குள் அச்சிடச் செய்தல் நன்று. அவ்வாறு செய்திருப்பின், ‘ஆண்டுமலர்’ என்னும் சொல் தனியே ஒரு வரியில் நின்று நம்மை எச்சரித்திருக்கும்.

இரண்டாவதாக, பெயர்களைப் பிரிக்கும் குறியை ஐயத்துக்கிடமின்றி அமைத்தல் வேண்டும். யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயரில் இடைவெளி வரலாம், வரிமுறிவும் வரலாம். சாய்கோடும் சுழியப் பைட்டும் மட்டுமே வரலாகா. ஆகவே சுழியப் பைட்டினால் பிரிப்பதே பாதுகாப்பு. ஃபைண்ட் கட்டளையில் ‘பிரிண்ட்0’ என்னும் குறியும், எக்ஸார்க்ஸில் சுழியக் குறியும் இதற்கென்றே உள்ளன. நெடுங்காலம் சில யூனிக்ஸ் வகைகளில் மட்டும் வழங்கிய இக்குறிகள், 2024-ஆம் ஆண்டின் போசிக்ஸ் நியமத்திலும் இடம் பெற்றுவிட்டன. சுழற்கட்டளையில் பெயர் நிற்கும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் இடுவதும் இதே காரணம்பற்றியதே.

மூன்றாவதாக, பெருந்தொகுதியாயின், கட்டளைகளை நேரே ஏவாமல் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதுவித்தல் நலம். 7,200 வரிகளையும் ஒருவர் படித்தல் அரிது. ஆயினும் முதற் பத்தையும், இறுதிப் பத்தையும், இடையே சிலவற்றையும் படிக்கலாம். மொத்தம் எத்தனை வரி என்று எண்ணலாம். எண்ணிக்கை எதிர்பார்த்ததோடு ஒத்திராவிடின் நிறுத்தலாம். மூன்று வரிகளை மட்டும் முதலில் ஏவி விளைவைக் காணலாம். அதன்பின் முழுக்கோப்பையும் ஷெல்லிடம் கொடுக்கலாம். அக்கோப்பு அழியாது நிற்பதால், என்ன செய்தோம் என்பதற்குச் சான்றும் ஆகும். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆராய்ச்சிச்சாலையில் ஆக்கிய ‘மேக்’ என்னும் கருவியிலும் ‘என்’ என்னும் குறி உண்டு. செய்யப்போவதைச் செய்யாமலே சொல்லிக்காட்டுவது அதன் தொழில். ஆக்கியோர் தாமே இதனை வேண்டியதென்று கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவற்றால் நேரம் வீணாகும் என்பர் சிலர். நமக்கு அன்று அச்சிட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் பிடித்திருக்கும். பாராமையால் மூன்று வாரம் போயிற்று. எது விரைவு என்பதை அன்பர்களே தீர்மானிக்க.

இனி, முன்னெழுந்த வினாவுக்கு வருவோம். கருவி எழுதித் தரும்போது நாம் கற்பது எற்றுக்கு? கருவி எழுதட்டும், அதனை நாம் மறுக்கவில்லை. நினைவில் நில்லாத குறிகளை நினைவூட்டுவதில் அது நல்ல துணையே. எனினும் கட்டளையை எழுதுவது வேறு; அதனை ஏவுவது வேறு. எழுதியது யாராயினும் ஏவுவது நம் விரல். ஏவியபின் ஷெல் ‘நிச்சயந்தானோ?’ என்று வினவாது. கட்டளையைப் படித்துப் பொருளறியும் வன்மை இல்லாதவன், தான் அறியாத மொழியில் எழுதிய பத்திரத்திற் கையொப்பமிடுபவனை ஒப்பான். படிக்கும் வன்மையோ, எழுதிப் பழகாதவர்க்கு எளிதில் வாராது. கருவி மிகுதியாக எழுதித் தருந்தோறும் படித்தறிவோர் மிகுதியாக வேண்டப்படுவரேயன்றிக் குறைய வேண்டப்படார்.

ஷெல்லே எல்லாவற்றுக்கும் மருந்தென்றும் நாம் கூறவில்லை. ஐந்து கோப்புகளாயின் கையாற் செய்வதே எளிது. தரவின் அமைப்பு சிக்கலாயின் பைத்தான் போன்ற நிரல்மொழியில் எழுதுவதே தக்கது. ஆனால், கோப்புகள் பலவற்றை ஒருசேர நடத்தும் வேலை எந்தத் துறை மாணவர்க்கும் ஒருநாள் நேரும். பௌதிக மாணவர் அளவைப் பட்டியல்களையும், தாவரநூல் மாணவர் இலைப்படங்களையும், தமிழ் மாணவர் ஏடுகளின் படங்களையும் ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டு ஒருநாள் நிற்பர். அன்று அவர்களுக்கு உதவுவது இவ்விரண்டு மணி நேரப் பயிற்சியே.

ஆகவே பயிற்சியை நிறுத்துதல் வேண்டா என்பதும், அதன் முறையை மாற்றுதல் வேண்டும் என்பதும் நமது துணிபு. இன்று நாம் கட்டளைகளின் பெயரையும் குறிகளையும் மனனம் செய்வித்துத் தேர்வில் வினவுகின்றோம். அதனைக் கைவிட்டு, ஒரு கட்டளையை மாணவர் முன் வைத்து, ‘இதனை ஏவினால் எவ்வெக் கோப்புகள் மாறும்? எவை நீங்கும்? பெயரில் இடைவெளி இருப்பின் யாதாகும்?’ என்று வினவுவோமாக. கட்டளையைக் கருவியிடமிருந்து பெறினும் பெறுக. விடையை மாணவரே கூறுக.

அழிந்த திருத்தங்களை இவ்வாண்டு மீண்டும் செய்து முடித்துள்ளோம். நூல்நிலையத்தார் இன்று வைத்துள்ள உறைகளின் பெயர்களில் இடைவெளி இல்லை. பிரதிகள் வேறொரு பொறியில் உள்ளன. பயிற்சிக்கூடத்துச் சுவரில், அன்று ஏவிய அக்கட்டளையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கின்றோம். அதன் கீழ் விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. புதிதாக வரும் மாணவர் அதிலுள்ள பிழை யாதென்று தாமே கண்டு கூறவேண்டும் என்பது நமது ஆசை. இதுவரை கூறியோர் சிலரே. அவர் தொகை பெருகும்வரை அப்பயிற்சி நடைபெறுக.